பெற்றவர் வாயில் பிள்ளையின் பெயர்



இந்தப் பிரசுரத்தை இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தூங்கின பிறகு படியுங்கள். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்டால் இன்னும் நல்லது. தடுப்பூசி, கர்ப்பிணியின் உணவு, குடும்பக் கட்டுப்பாடு பற்றியெல்லாம் எழுதும்போது பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டே படிக்கலாம். இதை அப்படிப் படிக்க முடியாது. இதில் வருகிற பேச்சுகளைப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார்கள். இன்னொரு தடவை கேட்க வேண்டாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து இப்போது வரை உங்கள் பிள்ளையை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பீர்கள்? அதில் எத்தனை தடவை அதன் பெயரைச் சொன்னீர்கள்? மற்ற தடவைகளில் என்ன சொன்னீர்கள்?

"ஏ எருமை, எந்திரி, மணி ஏழாச்சு."

"அந்தச் சனியன் எங்கே போய்த் தொலைஞ்சுது?"

"தண்டச்சோறு வந்துட்டான், தட்டைப் போடு."

"ஏய் கறுப்பி, இங்கே வாடி."

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சும் கிடையாது என்றால் மிகவும் சந்தோஷம். ஆனால் காலை நேரத்தில் தெருவில் பத்து வீடு தாண்டி நடந்தாலே இதில் இரண்டாவது காதில் விழும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

கோபத்தில் வருகிற வார்த்தை

நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து கிடக்கிறது. பார்த்துக்கொள்ளச் சொன்ன பெண் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள். வாயில் ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. வராமல் இருந்தால் நல்லதுதான், ஆனாலும் வந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வாடி ராசாத்தி, வந்து சாப்பிடு" என்று கூப்பிடுகிறீர்கள். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து உட்காருகிறாள். அத்தோடு போயிற்று.

இப்படி எப்போதாவது வருகிற வார்த்தையால் பிள்ளை கெட்டுவிடாது. திட்டு ஒரு காரியத்துக்காக வந்தது, காரியம் முடிந்ததும் போய்விட்டது, பிறகு சமாதானமும் ஆயிற்று. அம்மாவுக்குப் பால் பொங்கினது பற்றித்தான் கோபம் என்பது பெண்ணுக்குத் தெரியும். ஆகையால், "ஐயோ, போன வாரம் கழுதை என்று திட்டிவிட்டேனே" என்று யாரும் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டியதில்லை. நாங்கள் எழுத வந்த விஷயம் வேறு.

பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு, அதை மட்டந்தட்டுகிற இன்னொரு பெயரைச் சூட்டி, அந்தப் பெயராலேயே வருஷக் கணக்கில் கூப்பிடுகிற தகப்பனோ தாயோ சில வீடுகளில் உண்டு. பால் பொங்கினாலும் பொங்காவிட்டாலும், பிள்ளை பரீட்சையில் தேறி வந்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும் அதே பெயர்தான். அந்த வீட்டைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம். அந்த வீட்டிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். திட்டுகிறவர் ஒருவர், கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவர் ஒருவர். சும்மா இருப்பவருக்கு நாங்கள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

பெயர் பிள்ளைக்கு என்ன செய்கிறது?

குழந்தை ஐந்தாறு மாதம் ஆகும்போதே தன் பெயர் எது என்று தெரிந்துகொள்கிறது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கும். வேறு பெயர் சொன்னால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அம்மா என்றால் என்ன, சோறு என்றால் என்ன என்று சொல்லத் தெரிவதற்கு வெகு முன்பே தன் பெயர் அதற்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டு வயதில் பேச்சு வரும்போது கவனியுங்கள். "எனக்குப் பசிக்குது" என்று சொல்வதற்கு முன்னால் "பாப்பாக்குப் பசிக்குது", "முருகனுக்குத் தண்ணி" என்றுதான் அநேகம் பிள்ளைகள் சொல்லும். "நான்" என்கிற சொல்லுக்கு முன்னால் பெயர் வருகிறது. நாம் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோமோ, அதுதான் தான் என்று பிள்ளை நினைக்கிறது. "சனியன்" என்று பத்து வருஷம் கூப்பிட்டால், தான் வந்த இடம் விளங்காது என்று அது மனத்துக்குள் முடிவு கட்டிக்கொள்ளும்.

பெரியவர்களை ஒருவர் திட்டினால், "அவன் கெடக்கிறான், அவன் வாய் அப்படி" என்று தள்ளிவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்கு அது முடியாது. சோறு போடுகிற கையும் திட்டுகிற வாயும் ஒரே ஆளுடையவை. அந்த ஆள் பொய் சொல்வார் என்று நினைப்பதைவிட, தன்னிடம்தான் குறை இருக்கிறது என்று நினைப்பது பிள்ளைக்குச் சுலபம். ஆகவே அப்படியே நினைத்துக்கொள்கிறது.

அறிகுறிகள் வெளியே தெரியும். நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கும். பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் வயிற்றுவலி வரும். நகம் கடிப்பது, திக்கிப் பேசுவது, ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பது எல்லாம் வரலாம். இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. டாக்டரிடம் காட்டித்தான் நிச்சயம் செய்ய வேண்டும். ஆனால் ஒரு அறிகுறியை டாக்டர் இல்லாமலே நீங்கள் பார்க்கலாம். பிள்ளை தனியாக விளையாடும்போது கேளுங்கள். கன்றுக்குட்டியையோ, பொம்மையையோ, தம்பிப் பாப்பாவையோ அது என்ன சொல்லிக் கூப்பிடுகிறது? "சனியனே, தின்னு" என்று ஆட்டுக்குட்டிக்குத் தழை கொடுத்தால், அந்தச் சொல் எந்த வாயிலிருந்து அதற்கு வந்தது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வீட்டைப் பார்ப்போம்

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மூத்தவள் செல்வி, வயது ஒன்பது. இளையவன் குமார், வயது ஆறு. தகப்பனார் கடை வைத்திருக்கிறார். ஊரில் நல்ல பேர். கடைக்கு வருகிறவர்கள் முன்னால், "எங்க செல்விக் கண்ணு இருக்காளே, கணக்குல புலி" என்பார். ஆட்கள் போனதும், "ஏய் முண்டம், என்ன வாயைப் பொளந்துட்டு நிக்கிறே?" குமார் என்ன செய்தாலும் "என் ராசா". செல்வி என்ன செய்தாலும் "முண்டம்". குமார் தம்ளரைப் போட்டு உடைத்தாலும், "ஏன் அவன் கைக்கு எட்டுற மாதிரி வச்சே, முண்டம்?" என்று செல்விக்குத்தான் விழும்.

ஒரு நாள் செல்வி, "அப்பா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். அன்று முதல் வீட்டுக்கு வருகிற மாமன், சித்தப்பன் எல்லோரிடமும், "மகாராணியைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். புதுப் பட்டம் "மகாராணி". செல்வி அழுதால், "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், இதுக்கு ஒரு அழுகையா? தொட்டாச்சிணுங்கி." அதற்கும் ஒரு பெயர் ஆயிற்று.

செல்வியின் அம்மா என்ன செய்தாள்? அடுப்படியில் இருந்தாள். "அவர் சுபாவம் அப்படி, நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று இரவில் மகளுக்குத் தலை வாரிவிட்டபடி சொன்னாள். அவளும் பாவம், பயந்தவள். ஆனால் செல்வி என்ன புரிந்துகொண்டாள்? அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று புரிந்துகொண்டாள்.

இந்த வீட்டில் தகப்பனாரை வைத்துச் சொன்னோம். இதே மாதிரி தாயும் உண்டு. "பெத்த தாய் அப்படிச் செய்வாளா?" என்று கேட்பதாலேயே அந்தப் பிள்ளைகள் யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறார்கள்.

எத்தனை விதமாகச் செய்கிறார்கள்!

பெயரைச் சொல்லாமலே விடுவது ஒரு விதம். பிள்ளை எதிரில் நிற்கும்போதே, "அது சாப்பிட்டுச்சா? அதைப் போகச் சொல்லு" என்பார்கள். மாட்டுக்குக்கூட லட்சுமி என்று பேர் வைத்துக் கூப்பிடுகிற வீட்டில், பெற்ற பிள்ளை "அது" ஆகிவிடுகிறது. உடம்பைப் பிடித்துப் பேர் வைப்பது இன்னொரு விதம். நிறம், பல், கால், மெலிவு, பருமன் என்று பிள்ளையால் மாற்ற முடியாத ஒன்றைப் பார்த்துத்தான் அந்தப் பேர் வரும்.

இதைவிடச் சூட்சுமமான ஒன்று உண்டு. நம் பக்கத்தில் தாத்தா பாட்டி பெயரைப் பிள்ளைக்கு வைப்பது பழக்கம். பேரன், பேத்தி என்ற சொற்களே அதனால் வந்தவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாமனார் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், அந்தப் பெயருள்ள பிள்ளையை "ஐயா", "ஆத்தா" என்று கூப்பிடுவதும் பழைய வழக்கம். மரியாதையாக இருந்த இந்த வழக்கத்தைச் சிலர் ஆயுதமாக்குகிறார்கள். மாமியார்மேல் உள்ள வன்மத்தை மாமியார் பேரைத் தாங்கிய ஆறு வயதுப் பெண்ணின் தலையில் இறக்குவார்கள். "பேருக்கேத்த புத்தி. அந்தக் கெழவி மாதிரியே முழி." கணவனும் சளைத்தவர் இல்லை, "உங்க அப்பன் மாதிரியே உருப்படாம போவான் பாரு" என்று மகனைக் காட்டி மனைவியைக் குத்துவார். பெரியவர்கள் சண்டை, பிள்ளை நடுவில் நிற்கிற கம்பம்.

மனம் போனபடி பேரை மாற்றுவதும் உண்டு. காலையில் "என் உசிரே, என் தங்கமே." மத்தியானம் ஏதோ மனத்துக்குப் பிடிக்கவில்லை, சாயங்காலம் அதே பிள்ளை "பாவி, என்னைக் கொல்ல வந்தவ". பிள்ளை என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்து யோசித்து, ஒரு தப்பும் அகப்படாமல் களைத்துப்போகும். அப்படிப்பட்ட பிள்ளை, அம்மா முகத்தைப் பார்த்தே வானிலை சொல்லப் பழகிவிடும். மற்றவர்கள் "எவ்வளவு பொறுப்பான பொண்ணு!" என்று மெச்சுவார்கள்.

இப்படியும் ஒரு சுபாவமா?

மனநல மருத்துவர்கள் ஆளுமைக் கோளாறு என்று சொல்கிற ஒரு நிலை உண்டு. ஜுரம் மாதிரி நேற்று வந்து நாளை போகிறதில்லை. விடலைப் பருவத்திலோ, இருபது வயதை ஒட்டியோ தொடங்கி, வருஷக் கணக்கில் நிலைத்துவிடுகிற சுபாவக் கோணல். நினைப்பது, உணர்வது, மனிதர்களோடு பழகுவது எல்லாம் ஒரே தடத்தில் போகும். அந்தத் தடம் தங்களுக்கும் மற்றவர்களுக்கும் கெடுதல் செய்தாலும் அவர்களால் விலக முடிவதில்லை. பெரும்பாலும் அது ஒரு கோளாறு என்றே அவர்களுக்குத் தோன்றாது. "ஊரே தப்பு, நான் சரி" என்பார்கள்.

அதில் பல வகைகள் இருக்கின்றன. ஒரு வகையினருக்கு எப்போதும் தாமே உசத்தி; புகழ்ச்சி வேண்டும், குறை சொன்னால் பொறுக்காது, அடுத்தவர் வலி உறைக்காது. பிள்ளையைத் தாழ்த்தினால்தான் தங்கள் உயரம் அவர்களுக்கு நிற்கும். இன்னொரு வகையினருக்கு மனம் ஊஞ்சல். ஒன்று தெய்வம், இல்லாவிட்டால் பிசாசு, நடுவில் ஒன்றும் கிடையாது. தன்னை எல்லோரும் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். மற்றொரு வகையினருக்கு எல்லோர் மேலும் சந்தேகம். பெற்ற பிள்ளையும் எதிரியோடு சேர்ந்துகொண்டதாகத் தோன்றும். பிறவியில் வருகிற இயல்பும், சிறு வயதில் அனுபவித்த பாடுகளும் சேர்ந்து இந்தக் கோளாறு உண்டாவதாக மருத்துவம் சொல்கிறது. இன்றைக்குத் திட்டுகிறவரில் பலர் நேற்றுத் திட்டு வாங்கினவர்களே.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்தவுடன், "அடி சக்கை, உங்களுக்கு இதுதான்!" என்று கணவரைப் பார்த்து மனைவியோ, மனைவியைப் பார்த்துக் கணவரோ சொல்லத் தொடங்கினால், நாங்கள் பாவம் செய்தவர்கள் ஆவோம். ஒரு புதுப் பட்டப்பெயரைக் கொடுக்க இதை எழுதவில்லை. கடுமையாகப் பேசுகிற எல்லோருக்கும் இந்தக் கோளாறு கிடையாது. இந்தக் கோளாறு உள்ள எல்லோரும் பிள்ளைகளைப் படுத்துவதும் இல்லை. மருத்துவர்தான் பல தடவை பார்த்துப் பேசிச் சொல்ல முடியும். குடிப்பழக்கம் இப்படிப் பேச வைக்கும். மனச்சோர்வு நோயில் தீராத எரிச்சல் வரும். பிரசவத்துக்குப் பிறகு சில தாய்மார்களுக்கு மனச்சோர்வு உண்டாகி, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் போகும். அது சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும் நோய், அவளைத் திட்டக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி

"எங்க தாத்தா பேரு குப்புசாமி. எங்க பாட்டி மண்ணாங்கட்டி. அவங்களை என்ன, பெத்தவங்க இழிவு பண்ணினாங்களா?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்தன. இரண்டு மூன்று பறிகொடுத்த தாய், அடுத்த பிள்ளையைக் குப்பைமேல் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பேர் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துத் தவிட்டுக்குத் திருப்பி வாங்கினாள். சாமியிடம் பிச்சை கேட்டு வாங்கினதாகப் பிச்சை என்று வைத்தாள். எமனுக்கும் கண்ணூறுக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கிற பெயர்கள் அவை. உலகத்துக்குத்தான் குப்பை; அம்மாவுக்குத் தங்கம். அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். 1971-இல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்த பிறகு எமனை ஏமாற்ற அந்தப் பேர்கள் தேவைப்படவில்லை. அவற்றை வைத்திருக்கும் பெரியவர்களைக் கேலி செய்யவும் கூடாது.

பெயர் ஒன்றேயானாலும், எந்த மனத்தோடு கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. "வாடா கருவாயா" என்று ஆத்தா மடியில் இழுத்துக் கொஞ்சினால் பிள்ளை சிரிக்கும். அதே சொல்லை முகம் சுளித்துச் சொன்னால் உள்ளே சுருண்டுபோகும். பிள்ளை சிரிக்கிறதா என்று பாருங்கள், போதும். கொஞ்சலா இல்லையா என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் வேண்டாம், போதும்பொண்ணு என்ற பேர்களைப் பற்றி எங்களால் இப்படிச் சமாதானம் சொல்ல முடியவில்லை. அடுத்தது பையனாகப் பிறக்கட்டும் என்று பெண்ணுக்கு அப்படிப் பேர் வைக்கிற வழக்கம் நம் மாநிலத்தின் சில ஊர்களில் இருந்து வந்திருக்கிறது. வைத்தவர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் அல்ல. சாமியிடம் தகவல் சொல்வதாக நினைத்து வைத்தார்கள். பெண்ணுக்கு அது எப்படி இருக்கும்? பள்ளியில் வாத்தியார் தினம் வருகைப் பதிவேட்டில் "வேண்டாம்" என்று கூப்பிட, அவள் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைகள் நடுவில்!

பேரால் அடுத்த பிள்ளை பையனாகாது. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் என்னும் இனக்கூறுதான் இருக்கும். தகப்பனின் விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்தவளுடைய பெயர் அந்த அணுவுக்குத் தெரியாது.

மகாராஷ்டிர மாநிலத்திலும் இதே வழக்கம் உண்டு. அங்கே நகுஷா என்று பேர் வைப்பார்கள். மராத்தியில் வேண்டாதவள் என்று அர்த்தம். 2011-இல் சாத்தாரா மாவட்டத்தில் சுகாதாரத் துறையார் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் மாதத்தில் 285 பெண்களுக்குக் கூட்டம் கூட்டிப் புதுப் பெயர் சூட்டி, சான்றிதழ் கொடுத்தார்கள். சிலர் புராணப் பெயர் எடுத்துக்கொண்டார்கள், சிலர் சினிமா நடிகையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவரவர் இஷ்டம். அந்தப் பெண்கள் தாங்களாகப் பெயர் சொல்லும்படி விட்டார்களே, அது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

சும்மா இருப்பவருக்கு

உங்கள் வீட்டில் மற்றவர் அப்படிப் பேசுகிறவரானால், அவரை ஒரே நாளில் திருத்த உங்களால் முடியாது. சண்டை போட்டு ஜெயிக்கவும் முடியாது. ஆனால் பிள்ளைக்கு வீட்டில் சரியான பெயர் ஒன்று ஒரு வாயிலாவது இருக்க வேண்டும். அந்த வாய் உங்களுடையதாக இருக்கட்டும். அவர் "முண்டம், தண்ணி கொண்டா" என்றால், நீங்கள் சாதாரணக் குரலில், "செல்வி, அப்பாவுக்குத் தண்ணி குடும்மா" என்று சொல்லுங்கள். சாடையாகவும் வேண்டாம், சத்தமாகவும் வேண்டாம். தினம் சொல்லுங்கள்.

தனியாக இருக்கும்போது பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். "அப்பா அப்படிக் கூப்பிடுறது தப்பு. உன்மேல தப்பு இல்லை. உன் பேர் செல்வி" என்றால் போதும். "அவர் சுபாவம் அப்படி" என்று சொல்லி அதோடு நிறுத்தாதீர்கள்; பிள்ளை காதில் அது "நீ தாங்கிக்கொள்" என்று விழும். அதே சமயம் அப்பாவை அசிங்கமாகப் பேசவும் வேண்டாம். பிள்ளைக்கு அவரும் வேண்டும்.

மற்றவர் மனம் அமைதியாக இருக்கிற வேளை ஒன்று எந்த வீட்டிலும் உண்டு. அந்த வேளையில் ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுங்கள். "என்னங்க, முண்டம்னு கூப்பிடுறதை மட்டும் விட்டுடுங்க. தப்புச் செஞ்சா அந்தத் தப்பைச் சொல்லிக் கண்டிங்க, நான் குறுக்கே வரலை." பழைய கணக்கை எல்லாம் அன்றைக்கே எடுத்து விரித்தால் ஒன்றும் நடக்காது. அடிதடி செய்கிறவராக இருந்தால் தனியாகப் பேசத் துணிய வேண்டாம். உங்கள் அண்ணன் தம்பி, ஊரில் அவர் மதிக்கிற பெரியவர் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியோ, அத்தையோ, பள்ளி ஆசிரியையோ பிள்ளையின் பெயரைப் பிரியமாகச் சொல்கிற இடங்களுக்கு அதை அடிக்கடி அனுப்புங்கள். வெளியே ஒரே ஒரு ஆள் இருந்தால்கூடப் பிள்ளை தலை தூக்கிவிடும்.

திட்டுகிறவர் நீங்களே என்று இதைப் படிக்கும்போது உறைத்தால், உங்களிடம் ஒரே ஒரு வார்த்தை. உறைத்ததே பெரிய காரியம். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் கிடையாது. ஆளுமைக் கோளாறானால் மாத்திரையால் மட்டும் தீராது. மாதக் கணக்கில் உட்கார்ந்து பேசிப் பழகுகிற சிகிச்சை வேண்டும். நீண்ட வழி, ஆனால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். நேரில் வரக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநலச் சேவை, தமிழிலும் பேசுவார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. அடுத்த வீட்டுக்காரரும் கூப்பிடலாம், பிள்ளையே கூப்பிடலாம். பிள்ளைக்கு வீணான மனவேதனை உண்டாகும்படி கொடுமை செய்வது 2015-ஆம் வருஷச் சிறார் நீதிச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும். பெற்றவர்களுக்கும் அது பொருந்தும்.

எழுத்தில் இருக்கிற பெயர்

பிறப்பைப் பதிவு செய்கிறபோது பெயர் வைக்காவிட்டால், 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைப் பதியலாம். அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். ஆகையால் மாமியார் மருமகள் சண்டையில் அவசரப்பட்டு, வீம்புக்கு ஒரு பேரை எழுதிவிட வேண்டாம். ஆறப்போட்டு, இரண்டு பேரும் சம்மதித்த பேரை எழுதுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது போன்ற பல காரியங்களுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

வேண்டாம், போதும்பொண்ணு என்று ஏற்கெனவே எழுதிவிட்டவர்களும் கவலைப்பட வேண்டாம். அரசிதழில் அறிவிப்புக் கொடுத்துப் பெயரை மாற்றலாம். 18 வயது ஆகாத பிள்ளைக்காகப் பெற்றவர்கள் கையெழுத்திட வேண்டும். பள்ளிச் சான்றிதழ்கள் பெருகுவதற்கு முன்னால் செய்தால் அலைச்சல் குறைவு. புதுப் பெயரைப் பிள்ளையிடம் கேட்டு எழுதுங்கள். சினிமா நடிகையின் பேரைச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறது.

வீட்டில் கூப்பிடுகிற பெயரை மாற்ற அரசிதழ் வேண்டாம், நாளைக் காலையிலேயே மாற்றலாம். ஆனால் ஒன்று. நெடுங்காலம் வேறு சொல்லுக்கே திரும்பிப் பழகின பிள்ளை, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதல் சில நாள் திரும்பாமல் இருக்கலாம். வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துச் சுற்றுமுற்றும் பார்க்கலாம். ஏதோ வம்பு வரப்போகிறது என்று பயந்து நிற்கவும் செய்யலாம். அப்போது, "காது செவிடா?" என்று கேட்டுவிடாதீர்கள். கிட்டே போய், தோளைத் தொட்டு, இன்னொரு தடவை பெயரைச் சொல்லுங்கள்.